ஒரே கதிரவன், இரு வேறு வானங்கள்



புவியும் நிலவும் கதிரவனிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில், சராசரியாக 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன; கதிரவனை நேர் நோக்கிய ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய 1,361 வாட் ஆற்றல் இரண்டிற்கும் சமமாகவே வந்து சேர்கிறது. அவ்வாறிருந்தும் புவியில் தென்றலும் புயலும் பனியும் மழையும் மாறி மாறி வருகின்றன. நிலவிலோ தகிக்கும் பகலும் உறையும் இரவுமே மாறி மாறி வருகின்றன. வரவு ஒன்றாயிருக்க வாழ்வு இரண்டானது ஏன் என்பதே இந்த அவை எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

வானிலை என்பது ஓரிடத்தில், ஒரு நேரத்தில், காற்றின் வெப்பமும் அழுத்தமும் ஈரப்பதமும் ஓட்டமும் அமைந்திருக்கும் நிலையாகும். கோடையில் நிலம் கடலைவிட விரைந்து சூடாகும்போது, அதன் மேலுள்ள காற்று விரிந்து எழுகிறது. அதனால் தாழ்ந்த அழுத்தத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரக்காற்று விரைகிறது. அந்த ஈரம் உயரே குளிர்ந்து மேகமாகி, தன்னுள் சுமந்து வந்த உள்ளுறை வெப்பத்தை, அதாவது நீர் ஆவியானபோது விழுங்கிய வெப்பத்தை, வெளியிட்டு மழையாகப் பொழிகிறது. தென்மேற்குப் பருவமழையின் அடிப்படை இதுவே. பகலில் பெற்ற வெப்பத்தைப் பத்தாயத்து நெல்லைப் போலச் சேர்த்து வைக்கும் கடலும், அதை ஊர்தோறும் கொண்டு சேர்க்கும் காற்றும் புவிக்கு உண்டு. நிலவுக்கு இரண்டும் இல்லை.

இல்லாமற்போனதற்குக் காரணம் நிலவின் வலுவற்ற ஈர்ப்புப் பிடியே. அதன் ஈர்ப்பு புவியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு. ஒரு பொருள் கோளின் பிடியை விட்டு நீங்கத் தேவையான வேகத்தை விடுபடு வேகம் என்பர்; அது புவியில் நொடிக்கு 11.2 கிலோமீட்டராகவும், நிலவில் 2.4 கிலோமீட்டராகவும் உள்ளது. கதிரவனின் வெப்பத்தால் விரைந்தோடும் இலேசான வாயு மூலக்கூறுகள் இந்தத் தாழ்ந்த வேலியை எளிதில் தாண்டிவிட, எஞ்சியவற்றுள் பெரும்பகுதியைப் புற ஊதாக்கதிர்களும் சூரியக் காற்று என்னும் மின்துகள் ஓட்டமும் அடித்துச் சென்றுவிடுகின்றன. இன்று அங்கு இருப்பது ஹீலியம், நியான், ஆர்கான் முதலிய அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதே அரிதாகிவிட்ட, மிக மெல்லிய புறவளி மண்டலம் மட்டுமே.

வெப்பத்தைப் பகிர்ந்து கொடுக்கக் காற்றில்லாத இடத்தில் வெயிலும் நிழலும் இரு வேறு உலகங்களாகிவிடுகின்றன. நிலவில் ஒரு பகல் ஏறத்தாழ 14 புவி நாட்கள் நீள்வதால், நடுக்கோட்டருகே நண்பகலில் வெப்பம் 120 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. அதே அளவு நீளும் இரவில் அது மைனஸ் 130 டிகிரிக்கு இறங்குகிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் இறங்கிய சந்திரயான்-3 விண்கலம், இந்த வேறுபாட்டை நிலத்துக்குள்ளேயும் காட்டியது: அதன் முதற்கட்ட அளவீட்டில் மேற்பரப்பு ஏறக்குறைய 50 டிகிரியாக இருந்தபோது, வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பம் மைனஸ் 10 டிகிரியாக இருந்தது; ரெகோலித் எனப்படும் நிலவின் பொடிமண் வெப்பத்தை அவ்வளவு குறைவாகவே கடத்துகிறது. அத்தகைய மண்ணில் இறங்கப் பழகும் சோதனைகளுக்கு நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறைகளை அரைத்த பொடியே மாதிரி மண்ணாகப் பயன்பட்டது என்பது தமிழ் நிலத்துக்குரிய பெருமை.

புவியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால் பருவங்கள் பிறக்கின்றன. நிலவின் அச்சோ ஒன்றரை டிகிரி அளவே சாய்ந்திருப்பதால், துருவங்களை அடுத்த சில பள்ளங்களின் அடித்தளம் நெடுங்காலமாகக் கதிரவனைக் கண்டதே இல்லை. அவற்றுள் ஒன்றில் மைனஸ் 248 டிகிரி வரை குளிர் அளக்கப்பட்டிருக்கிறது. நீர் பனியாக உறைந்து நிலைத்திருப்பதும் அத்தகைய இருளில்தான்.

எனினும் நிலவை எட்டும் புயல் ஒன்று உண்டு. அது கதிரவனிலிருந்து வரும் புயல். 1972 ஆகஸ்டில் கதிரவனில் பெரும் வெடிப்புகள் நிகழ்ந்தபோது, மனிதரை நிலவுக்குக் கொண்டுசென்ற அப்பல்லோ 16 ஏப்ரலிலேயே திரும்பிவிட்டிருந்தது. அப்பல்லோ 17 டிசம்பரில்தான் புறப்பட்டது. ஆகவே அந்தக் கதிர்வீச்சுக்கு நிலவில் மனிதர் எவரும் ஆளாகவில்லை. புவியில் வாழ்வோரைக் காத்து நிற்பவை காந்தப்புலமும் காற்றுப் போர்வையுமே.

அந்தப் போர்வை வெப்பத்தைத் தடுத்து வைக்காவிடில் புவியின் சராசரி வெப்பநிலை 15 டிகிரிக்கு மாறாக மைனஸ் 18 டிகிரியாக இருக்கும். அதே போர்வையில் கரியமில வாயு மிகுந்தால் புவி வேண்டாத அளவு சூடாகும். போர்வையே இல்லாத உலகம் எப்படியிருக்கும் என்பதை நிலவு தலைக்குமேல் நின்று காட்டுகிறது. ஆதலால், அவையோரே, நிலவைக் கண்டு மகிழும் கண்கள், அதற்கும் தமக்கும் இடையே பரந்திருக்கும் காற்றையும் போற்றுக. புகையாலும் நஞ்சாலும் அதைக் கெடுக்காமல் காத்து, வரும் தலைமுறையிடம் ஒப்படைத்திடுக!