விழுந்த விமானமும் நம் பிள்ளைகளும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருபவர்கள் கையில் குறிப்புத்தாள் வைத்திருப்பார்கள். நானோ ஒரு விளையாட்டு விமானத்தைத் தூக்கிக்கொண்டு மேடையேறியிருக்கிறேன். "இந்த ஆளுக்கு என்னா வந்துச்சு?" என்று பின்வரிசையில் ஓர் அம்மா கேட்டது என் காதிலும் விழுந்தது. காரணத்தைச் சொல்கிறேன், சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

நான் இதே பள்ளியில் படித்தவன். இன்று ஒரு செம்பனை ஆலையில் மின்சாதனங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மிஷின் நின்றுபோனால், அது ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

2023ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில், ஐந்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்த என் மகன், "அப்பா, நாமளே ஒரு ஜெட் விமானம் செய்வோம்ப்பா" என்றான். எழுதுபொருள் கடையில் 5 மில்லிமீட்டர் கனத்தில் வெள்ளை நுரைப்பலகை விற்கிறார்களே, அதை வாங்கினோம். வரைபடத்தை ஒட்டி, வெட்டி, சூட்டுப்பசையால் இணைத்தோம். பார்வைக்குப் போர்விமானம்தான். ஆனால் உள்ளே ஜெட் எஞ்சின் கிடையாது. பின்பக்கத்தில் ஒரு சிறிய மின்மோட்டார், அதில் ஒரு விசிறி. மூக்குப் பக்கம் ஒரு பேட்டரி. சிறகின் பின்விளிம்பில் இரண்டு அசையும் மடல்கள். அவற்றை அசைக்க சர்வோ என்னும் இரண்டு குட்டி மோட்டார்கள். எல்லாம் சேர்த்து 600 கிராம். கையிலிருக்கும் ரேடியோப் பெட்டியால் அதை ஓட்ட வேண்டும். செலவு 300 வெள்ளிக்கு மேல் போய்விட்டது.

திடலுக்குக் கொண்டுபோனோம். பையன் வீசினான், ரேடியோ என் கையில். விமானம் பத்தடி போனது. மூக்கைத் தூக்கியது, செங்குத்தாக நின்றது, மல்லாந்து விழுந்தது. பசை போட்டு ஒட்டி மறுநாள் வீசினோம், அதே கதை. மூன்றாம் முறை மூக்கு நொறுங்கிப் போயிற்று. அந்த ஆத்திரத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒழுங்கா வீசக்கூடத் தெரியலே. உன்னாலே ஒண்ணும் ஆவாது!" என்று சொல்லிவிட்டேன்.

பையன் ஒன்றும் பேசவில்லை. விமானத்தை அலமாரியின் மேல் வைத்தான். இரண்டு வாரம் அதைத் தொடவேயில்லை. பள்ளிப் பாடத்திலும் "எனக்கு வராதுப்பா" என்று சொல்ல ஆரம்பித்தான். முன்பு அவன் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

என் தாயார் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். ஒருநாள் வீட்டைக் கூட்டும்போது அந்த விமானத்தை எடுத்து, சிறகுக்கடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தார். வால் தொங்கியது. "ஏன் தம்பி, காண்டாவிலே பின்வாளி கனமா இருந்தா ஆளு நடக்க முடியுமா? இது எப்படிப் பறக்கும்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேட்டரியை மூக்குக்குள் தள்ளிவைத்தால் மேல்மூடி சரியாக மூடவில்லை என்று, அதை 6 சென்டிமீட்டர் பின்னுக்கு நகர்த்தியவன் நான். பேட்டரி 150 கிராம். அதாவது மொத்த எடையில் நாலில் ஒரு பங்கு. அது 6 சென்டிமீட்டர் பின்னே போனால், விமானத்தின் ஈர்ப்பு மையம் ஒன்றரை சென்டிமீட்டர் பின்னே போய்விடும். ஒன்றரை சென்டிமீட்டர்தான்! அதற்குள் மூன்று முறை விழுந்தது. தப்புச் செய்தவன் நான். திட்டு வாங்கியவன் பிள்ளை.

மாணவச் செல்வங்களே, ஈர்ப்பு மையம் ஏன் இவ்வளவு முக்கியம்? பறக்கும் விமானத்தின் மூக்கைக் காற்று சற்றே தூக்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறகில் தூக்குவிசை கூடுகிறது. அப்படிக் கூடும் விசை ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருந்தால், அது பின்பக்கத்தைத் தூக்கி மூக்கைக் கீழே இறக்கும். விமானம் தானாகவே நேராகிவிடும். அந்த விசை ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் அமைந்துவிட்டாலோ, தூக்கிய மூக்கை மேலும் தூக்கும். அப்புறம் எவ்வளவு கெட்டிக்காரன் ஓட்டினாலும் பயனில்லை. 1974இல் முதன்முதலாகப் பறந்த எஃப்-16 போர்விமானத்தை, விரைந்து திரும்ப வேண்டும் என்பதற்காக, வேண்டுமென்றே நிலைப்புக் குறைவாக வடிவமைத்தார்கள். ஆனால் அதில் விமானியின் கைக்கும் சிறகுக்கும் நடுவே ஒரு கணினி இருந்து ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் விமானத்தில் அப்படி ஒன்றும் கிடையாது.

அன்றிரவு மகனைக் கூப்பிட்டேன். "தம்பி, தப்பு என் மேலேதான். வா, சேர்ந்து பார்ப்போம்" என்றேன். ஒரு பழைய நோட்டுப் புத்தகம் எடுத்தோம். ஆலையில் நான் பின்பற்றும் ஒரு விதியை முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால், விமானம் பறந்தாலும் எதனால் பறந்தது என்று தெரியாது. விழுந்தாலும் எதனால் விழுந்தது என்று தெரியாது. அந்த நோட்டிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். விமானம் செய்ய ஆசையுள்ள பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எடை. வரைபடத்தில் ஈர்ப்பு மையம் குறிக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். அல்லது மூக்கு மிகச் சற்றே தாழ வேண்டும். குறி இல்லாவிட்டால், நேரான சிறகுக்கு முன்விளிம்பிலிருந்து அகலத்தில் நாலில் ஒரு பங்கு தள்ளித் தொடங்கலாம். ஜெட் போலப் பின்னோக்கிச் சாய்ந்த சிறகுக்கு உடம்போடு ஒட்டிய இடத்தில் அளந்தால் கணக்குத் தவறும். சிறகின் சராசரி அகலம் உள்ள இடத்தில் அளக்க வேண்டும். வால் கனமாக இருந்தால் உடனே ஈயக்கட்டி தேடாதீர்கள். முதலில் பேட்டரியை முன்னே நகர்த்திப் பாருங்கள். மூக்கு அளவுக்கு மீறிக் கனமாக இருந்தாலும் தொல்லைதான். விமானம் எப்போதும் கீழேயே இழுக்கும். இறங்கும்போது வேகத்தோடு தரையில் மோதும்.

இரண்டாவது, மடல்களின் திசை. விமானத்துக்குப் பின்னால் நின்று பாருங்கள். குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் இரண்டு மடலும் மேலே எழ வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் வலது மடல் மேலே, இடது மடல் கீழே போக வேண்டும். மாறியிருந்தால் காப்பாற்ற நினைத்துச் செய்வதே விமானத்தைக் கவிழ்த்துவிடும். ஒவ்வொரு முறையும் வீசுமுன் இதைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒரே பக்கம் சாய்வது. விமானத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு சிறகு முறுக்கிக்கொண்டிருக்கிறதா? வால்தகடு கோணலாக நிற்கிறதா? ஒரு பக்கத்தில் பசை அதிகமாகிக் கனம் கூடியிருக்கிறதா? முறுக்கிய நுரைப்பலகையைத் தலைமுடி காயவைக்கும் கருவியால் மெதுவாகச் சூடாக்கி, நேராகப் பிடித்து ஆறவிட்டால் சரியாகும். வீசிய அந்த நொடியில் மட்டும் சாய்ந்தால், அது விசிறியின் எதிர்முறுக்கு. வேகம் கூடியதும் தணிந்துவிடும். சற்று வலுவாக, மட்டமாக வீச வேண்டும்.

நான்காவது, தொட்டால் துள்ளுவது. குச்சியைக் கொஞ்சம் அசைத்தாலே விமானம் குதிரைபோல் துள்ளினால், மடல்கள் அதிகமாக அசைகின்றன என்று பொருள். கம்பியை சர்வோ கையில் உட்பக்கத் துளைக்கு மாற்றினால் அசைவு குறையும். அப்படியும் துள்ளினால் மறுபடி ஈர்ப்பு மையத்தைப் பாருங்கள். வால் கனமும் இதே குணத்தைக் காட்டும்.

ஐந்தாவது, வேகத்தைக் கூட்டினால் மட்டும் மூக்கு தாழ்வது அல்லது எழுவது. மோட்டார் தள்ளும் கோடு ஈர்ப்பு மையத்துக்கு மேலேயோ கீழேயோ போகிறது. அந்தக் கோடு மையத்தின் வழியே போகும்படி மோட்டாரைச் சற்றே சாய்த்துப் பொருத்த வேண்டும்.

ஆறாவது, வேகத்தில் 'கிர்ர்' என்று ஓசை வருவது. மடலோ சிறகோ படபடவென்று அதிர்கிறது. நொடியில் பிய்த்துக்கொண்டு போகும். உடனே வேகத்தைக் குறையுங்கள். கீழே இறக்கியபின் தளர்ந்த கம்பியை இறுக்கி, வளையும் இடத்தில் மூங்கில் குச்சியை வைத்து ஒட்டுங்கள்.

இவையெல்லாம் முடிந்ததும் மோட்டாரைப் போடாமல், லாலான் புல் அடர்ந்த இடத்தில் வெறுங்கையால் வீசிப் பாருங்கள். புல் மெத்தைபோல் தாங்கும். ஆட்கள் நிற்கும் திசையில் வீசாதீர்கள். விமான நிலையத்தின் பக்கமே போகாதீர்கள். திடலில் பறக்கவிட அனுமதி கேளுங்கள். சுழலும் விசிறி விரலைப் பதம் பார்க்கும். லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகவே கூடாது, அது தீப்பற்றக்கூடியது. பெரியவர்கள் அருகில் இருக்க வேண்டும்.

பெரியோர்களே, இது ஏதோ இன்றைய பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். 1871ஆம் ஆண்டு பாரிஸ் நகரப் பூங்கா ஒன்றில் அல்ஃபோன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர் ஒரு சிறு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். அது 11 விநாடி தானாகவே நிலைகுலையாமல் பறந்தது. வால்தகட்டைச் சரியான கோணத்தில் சாய்த்து வைத்ததே அதன் ரகசியம். அதை ஓட்டிய சக்தி எது தெரியுமா? முறுக்கிவிட்ட ரப்பர்! நம் பாட்டன் பாட்டிகளை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்த அதே ரப்பர்தான். அதன் கன்றுகள் 22 சிங்கப்பூர் வந்து சேர்ந்தது அதற்கு ஆறாண்டுகளுக்குப் பின், 1877இல்.

ரைட் சகோதரர்களையும் நினைத்துப் பாருங்கள். 1901இல் அவர்கள் செய்த மிதவை விமானம் எதிர்பார்த்தபடி பறக்கவில்லை. மனமுடைந்து வீடு திரும்பினார்கள். ஆனால் "நமக்கு வராது" என்று விட்டுவிடவில்லை. அதுவரை எல்லாரும் நம்பிய கணக்கே தவறாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். ஒரு பெட்டிக்குள் காற்றை வீசச் செய்து, ஏறக்குறைய 200 சிறு சிறகு வடிவங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 1903 டிசம்பர் 17ஆம் நாள் அவர்களின் விமானம் பறந்தது. முதல் முறை 12 விநாடி. அன்றைக்கே நாலாவது முறை 59 விநாடி.

எங்கள் விமானமும் பறந்தது. நோட்டில் பதினோராவது பக்கம் எழுதிய அன்று, இந்தப் பள்ளித் திடலைச் சுற்றி நாலு நிமிடம் பறந்து புல்லில் இறங்கியது. அந்த முறை ரேடியோ பையன் கையில், வீசியவன் நான். என் தாயார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பையன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அப்பா, நான் ஒழுங்காத்தானே வீசினேன் அப்போ?" என்று கேட்டான். அத்தனை நாளும் என் சொல்லை அவன் மனத்தில் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். "ஆமாம்யா, நீ ஒழுங்காத்தான் வீசினே" என்றேன். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை.

பெற்றோர்களே, இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளை மனமாரப் பாராட்டுவோம். பரிசு வாங்காத பிள்ளையும் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவனுக்கு ஒரு வரிசை வகுத்தார்: முதலில் நோய், பிறகு அதன் காரணம், அதன் பிறகே மருந்து. நாமோ மதிப்பெண் அட்டையைப் பார்த்ததும் நோயையும் பார்ப்பதில்லை, காரணத்தையும் தேடுவதில்லை. நேரே திட்டில் இறங்கிவிடுகிறோம். கணக்கில் குறைந்திருந்தால் எந்த இடத்தில் தடுக்குகிறது, வாய்ப்பாட்டிலா, வாசித்துப் புரிந்துகொள்வதிலா என்று கேளுங்கள். கரும்பலகை தெரிகிறதா என்று கேளுங்கள். இரவில் சரியாகத் தூங்குகிறானா என்று பாருங்கள். ஆசிரியரிடம் வந்து பேசுங்கள். நாம் நகர்த்தி வைத்த பேட்டரி ஏதாவது இருக்கிறதா என்று நம்மையும் கேட்டுக்கொள்வோம்.

ஆலையில் இத்தனை ஆண்டில் நான் ஒரு மிஷினையும் திட்டியதில்லை. திட்டினால் அது ஓடாது என்று எனக்குத் தெரியும்.

மாணவச் செல்வங்களே, விழா முடிந்ததும் இந்த விமானத்தைத் திடலில் பறக்கவிடப் போகிறோம். வாருங்கள். விழுந்தால் ஏன் விழுந்தது என்று எல்லாரும் சேர்ந்து பார்ப்போம். நோட்டுப் புத்தகம் என் பையில் இருக்கிறது.