முகம் தெரிந்தது, முகவரி எங்கே?

(பதுளையில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



2023 ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க மாட்டோம். நம் முன்னோர் இம்மலைகளில் கால்வைத்து 200 ஆண்டுகள் நிறைந்த ஆண்டு அது. அதே ஆண்டில், புசல்லாவை நயப்பன தோட்டத்துச் சிறுமி அசானி, ஜீ தமிழ்த் தொலைக்காட்சியின் சரிகமப பாட்டுப் போட்டியில் பாடினாள். கைத்தொலைபேசி உள்ளவர் எல்லோரும் அந்தப் பாட்டைக் கேட்டனர். மலையகம் எங்கே இருக்கிறது என்று அறியாதவரும் தேயிலைத் தொழிலாளரின் வாழ்வைப் பற்றி விசாரித்தனர். அரசியல் மேடைகள் பல ஆண்டு பேசியும் ஆகாததை ஒரு குழந்தையின் குரல் சில வாரங்களில் செய்தது. அப்போட்டியில் முதற்பரிசு யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷாவுக்குக் கிடைத்தது. இரு சிறுமியரையும் நாம் வாழ்த்துகின்றோம்.

ஆனால் அன்பர்களே, அக்குழந்தை சென்னைக்குச் சென்றது எவ்வாறு? செல்வந்தர் எவரும் அனுப்பி வைக்கவில்லை. ஊரார் தம்மால் இயன்றதைச் சேர்த்துக் கொடுத்தனர். வழிச்செலவுக்கு வழிதேடி, தாமதமாகவே போய்ச் சேர்ந்தாள். பின்னரே போட்டியில் இடம் கிடைத்தது. புகழ் வருமுன்னரே அவளுக்குத் துணைநின்றது ஊரின் ஒற்றுமை. சந்தா சேர்த்துச் சங்கம் வளர்த்த மக்களுக்கு அந்த வழக்கம் புதிதன்று.

புகழ் வந்த பின்னர் என்ன நடந்தது? லயத்து வாசலைத் தேடிப் படம்பிடிப்போர் வந்தனர். பாராட்ட வந்தவர் பலர். நம் வறுமையைக் காட்டிப் பார்வையாளர் கூட்டம் சேர்க்க நினைத்தவரும் உண்டு. இந்த நோய் மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. உதவி செய்வதாகச் சென்று ஒரு குடும்பத்தைப் படமெடுத்து இழிவுபடுத்தினார் என்ற குற்றச்சாட்டின் பேரில், 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் யூடியூபர் ஒருவர் கைதுசெய்யப்பட்டார். குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். அரிசிப் பையை நீட்டுமுன் ஒரு தாயின் கண்ணீரைக் காட்டச் சொல்வது தருமமாகுமா என்பதை நாம்தாம் தீர்மானிக்க வேண்டும்.

பதுளை மாவட்டத்துக்கு இந்தப் பாடத்தைப் பிறர் வந்து சொல்ல வேண்டியதில்லை. 2014 அக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உலகத் தொலைக்காட்சிகள் அனைத்தும் அந்தச் சேற்றைக் காட்டின. அவ்விடம் ஆபத்தானது என்று 2005 லும் 2011 லும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. மக்கள் லயத்திலேயே இருந்தனர். படக்கருவிகள் திரும்பிச் சென்ற பின்னர், உறவையும் உடைமையையும் இழந்த குடும்பங்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் ஏறத்தாழ 2 ஆண்டுகள் காத்திருந்தன. பூனாகலையில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 அக்டோபரில்தான். உலகம் பார்த்தது ஒரு வாரம்; அவர்கள் காத்திருந்தது 2 ஆண்டு!

சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறோம். பார்க்கப்படுவது வேறு, பதியப்படுவது வேறு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரில் பெரும்பாலோரின் பிரசாவுரிமையைப் பறித்தது. நாடற்றவராக எஞ்சியிருந்தோர்க்கு வழிதிறக்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. வாக்குரிமை இன்று இருக்கிறது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக வாழும் லயக் காம்பராவுக்கு, இன்னும் எத்தனையோ குடும்பங்களிடம் காணி உறுதி இல்லை. பல தோட்டங்களில் கடிதம் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. தோட்ட அலுவலகத்தில் கிடந்து, எவர் கையிலோ மாறி வருகிறது. நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம், நாள் கடந்து வந்தால் அதனால் என்ன பயன்? நம் பிள்ளையின் முகத்தைக் கடல்கடந்த நாடுகள் அறியும். அவள் வீட்டுக் கதவைத் தபால்காரர் அறியார் என்றால், அந்தப் புகழை எங்கே வைத்துக் காப்பது?

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கின்றோம். முதலாவது, வீட்டாரின் சம்மதமின்றி எந்தப் படக்கருவியும் லயத்துக்குள் வரக்கூடாது. பிள்ளைகளைப் படமெடுப்பதென்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். கேட்க வெட்கப்படுவோர்க்காகத் தோட்டத் தலைவர் கேட்கட்டும். இரண்டாவது, ஆசிரியர்களும் வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் விவசாயிகளும் சேர்ந்து, திறமையுள்ள பிள்ளைகளுக்கென மாதச் சந்தா நிதியொன்றைத் தொடங்குவோம். அடுத்த பிள்ளை கடைசி நேரத்தில் கையேந்தக் கூடாது. மூன்றாவது, ஒவ்வொரு குடும்பமும் காணி உறுதிக்கும் தனி முகவரிக்கும் எழுத்தில் விண்ணப்பிக்கட்டும். விண்ணப்பம் எழுத நாங்கள் வருகிறோம். கட்டணம் இல்லை. ஆனால் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். வாய்ச்சொல் நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

குழந்தை பாடட்டும், உலகம் கேட்கட்டும். பாட்டு முடிந்து அவள் திரும்பி வரும்போது, தன் பெயரில் ஒரு கதவும் அதில் ஓர் இலக்கமும் இருக்கட்டும். அதைப் பெறுவது நம் கடமை.