பொறி சொல்லாத கோணம்



கோணத்திலிருந்து அதன் சைன் மதிப்பைக் காண்பது எளிது. சைன் மதிப்பிலிருந்து கோணத்துக்குத் திரும்புவதையே நேர்மாறு சைன் என்கிறோம். ஒரு காலத்தில் இதற்கு அட்டவணையைப் புரட்ட வேண்டியிருந்தது. இன்றோ, கணிப்பானில் இரண்டு மூன்று பொத்தான்களை அழுத்தினால் விடை வந்து நிற்கிறது. அந்த விடையை நம்பி நான் இடறிய கதை ஒன்று உண்டு.

கல்லூரியில் படித்த நாளில், என் மாமா முக்கோண வடிவான நிலமொன்றை வாங்க விரும்பி, அதன் பரப்பைக் கணக்கிட்டுத் தருமாறு என்னைப் பணித்தார். ஒரு பக்கம் 80 மீட்டர். மற்றொன்று 50 மீட்டர். மூன்றாம் பக்கம் நெடுகிலும் முட்புதர் மண்டியிருந்தது. அதை அளக்க இயலவில்லை. 50 மீட்டர்ப் பக்கத்துக்கு எதிரேயுள்ள கோணம் 30 பாகை.

எந்த முக்கோணத்திலும் ஒரு பக்கத்தை அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் வரும் ஈவு, மற்றப் பக்கங்களுக்கும் அதுவேயாகும். ஆகவே 80 மீட்டர்ப் பக்கத்துக்கு எதிரான கோணத்தின் சைன், 80-ஐ 0.5-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தது, அதாவது 0.8. கணிப்பானில் நேர்மாறு சைனை அழுத்தினேன். 53.13 பாகை என்றது. பரப்பு 1986 சதுர மீட்டர் என்று படம் வரைந்து நீட்டினேன்.

மாமா சைன் அறியாதவர். ஆனால் நிலம் அறிந்தவர். படத்தைப் பார்த்ததும், “என்ன மாப்பிள்ளை, புதர்ப்பக்க மூலை விரிந்தல்லவா கிடக்கிறது! நீ குறுக்கிவிட்டாயே?” என்றார்.

தவறு எங்கே? கோணம் 0-விலிருந்து 90 பாகைக்கு வளரும்போது சைன் 0-விலிருந்து 1-க்கு ஏறுகிறது. 90-லிருந்து 180-க்குச் செல்லும்போது ஏறிய வழியே இறங்குகிறது. ஆதலால் 53.13-க்கும், அதை 180-லிருந்து கழித்தால் வரும் 126.87-க்கும் சைன் ஒன்றே. கணிப்பானோ, கழித்தல் 90-க்கும் 90-க்கும் இடைப்பட்ட ஒரே கோணத்தைச் சொல்லி நின்றுவிடும். விரிகோணத்தை அது ஒருநாளும் சொல்லாது.

126.87-உடன் 30-ஐக் கூட்டினாலும் 180-ஐ எட்டவில்லை. எனவே இரு முக்கோணங்களும் இயல்பவையே. விரிகோணத்தைக் கொண்டு கணக்கிட்டேன். பரப்பு 786 சதுர மீட்டர்தான்! என் முதல் விடையை நம்பியிருந்தால், இல்லாத 1200 சதுர மீட்டருக்கு, ஏறக்குறைய 30 சென்ட் நிலத்துக்கு, மாமா பணம் கொடுத்திருப்பார்.

ஆகவே நண்பர்களே, முதலில் உங்கள் கணிப்பான் பாகையில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியனில் இருந்தால் இதே 0.8-க்கு 0.927 என்று விடை தரும். பின்னர், 180-லிருந்து கழித்து வரும் மற்றக் கோணத்தையும் எழுதுங்கள். முக்கோணத்தின் தெரிந்த கோணத்துடன் அதைக் கூட்டி, 180-க்குள் அடங்குகிறதா என்று சோதியுங்கள். அடங்கினால், இரண்டில் எது மெய் என்பதைப் பொறியிடம் கேளாதீர்கள். நிலத்தைச் சென்று பாருங்கள்.