அருச்சுனனின் ஈயத்தாள் கவசம்



'கோதை' என்றதும் பூமாலையும் ஆண்டாளும் நம் நினைவுக்கு வரும். அதே சொல்லுக்கு அகராதி இன்னொரு பொருளும் தருகிறது. வில்லாளி, நாண் உரசாதபடி முன்கையில் கட்டும் தோலுறைக்கும் கோதை என்றே பெயர். வில்லெடுத்தவனை முதலில் அடிப்பது அவனுடைய நாண்தானே! ஐரோப்பிய வீரர்கள் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் தோள் முதல் விரல்வரை மடங்கி நிமிரும் உருக்குத் தகடுகளால் கையை மூடினார்கள். அவற்றைப் போலவே இன்றும் செய்து அணிந்து மகிழ்வோர் அங்கு உண்டு.

நமது மலையகத்திலும் அப்படியொரு போலிக் கவசம் உண்டு. அதைக் காண அருச்சுனன் தபசுக் கூத்துக்குப் போகவேண்டும்.

ஹற்றனை அடுத்த ஒரு தோட்டத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, என் பெரியப்பா அருச்சுனன் வேடம் கட்டினார். அக்காலத்தில் தேயிலை பலகைப் பெட்டிகளில் போகும். பெட்டிக்குள் ஈரம் புகாதபடி பளபளக்கும் தாள் பதித்திருக்கும். அலுமினியத்தாள்தான்; நாங்கள் ஈயத்தாள் என்போம். கூத்து வாத்தியார் மட்டையைப் புஜகீர்த்தியாகவும் கைக்கவசமாகவும் வெட்டி, அந்தத் தாளை ஒட்டினார். பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் அது உருக்காகவே மின்னியது. பாசுபதம் வேண்டிப் பெரியப்பா தபசு மரத்தில் ஏறியபோது, லயத்துச் சனமெல்லாம் கைகூப்பி நின்றது.

விடிந்ததும் அவருக்குக் கவ்வாத்து வேலை. வெட்டிய தேயிலைக் கிளைகள் முன்கையைக் கீறிக் கீறித் தழும்பாக்கியிருந்தன. பெரியம்மா சிரித்தபடி கேட்டார்:

"ராத்திரி கட்டுனத இப்பவும் கட்டிக்கிட்டுப் போனா என்னங்க?"

பெரியப்பா கையைத் திருப்பிப் பார்த்தார். "அது அருச்சுனன் கைக்கு. இது பேருக்குப் போற கை" என்று கத்தியை எடுத்துக்கொண்டு பிரட்டுக்குப் போனார். 'பேர்' என்றால் தோட்டத்தில் ஒருநாள் சம்பளம்.

அந்த மட்டைக் கவசம் ஓர் அம்பையும் தடுத்திராது. ஆயினும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய ஒரு சமூகத்தின் மானத்தை அது ஓரிரவேனும் காத்தது. தோட்டத்துக் கணக்கில் வெறும் ஆளாக இருந்தவர், அன்று பாண்டவராக நின்றார். அதுவும் துரைமாரின் பெட்டித் தாளை அணிந்துகொண்டு!

என் மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. உங்கள் தோட்டத்துக் கூத்து வாத்தியாரிடம் போய், அணிகளின் பெயர்களையும் அவற்றைச் செய்யும் முறையையும் எழுதிவையுங்கள். மட்டை நனைந்தால் கரைந்துவிடும், எழுத்தாவது நிற்கட்டும்.

தோட்டங்களை நடத்துவோரிடமும் கேட்க ஒன்று உண்டு. கூத்தில் அருச்சுனனுக்குக் கிடைத்தது போலியாயினும் ஒரு கைக்கவசம். கவ்வாத்துக்காரரின் முன்கைக்கு மெய்யான கோதை எப்போது?