நூலுக்கு ஒரு கஞ்சிக் கவசம்

சங்கரன்கோவில் விசைத்தறிகளில் சேலையாகிற பருத்திப் பாவு நூல், தறி ஏறுமுன் கஞ்சி குடித்தாக வேண்டும். தறியின் அச்சிலும் விழுதிலும் உரசி உரசி அறுந்துபோகாமல் அதைக் காப்பது அந்த மெல்லிய படலம்தான்.

அதை எப்படி அளப்பது? பெயின்ட் பூச்சுக்கு மைக்ரான் கணக்கு. நூலுக்கு எடைக் கணக்கு. 100 கிலோ நூல், கஞ்சி போட்டுக் காய்ந்தபின் 112 கிலோ நின்றால் ஏற்றம் 12 சதவீதம். பருத்திக்குப் பெரும்பாலும் 10 முதல் 15 வரை போதும்.

குறைந்தால் நூல் அறும். கூடினாலோ நூல் விறைத்து, தறியடியில் கஞ்சி தூளாகக் கொட்டும், கூடவே காசும்! கஞ்சியின் பதம், பிழியும் உருளைகளின் அழுத்தம், நூல் ஓடும் வேகம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

நெய்த துணிக்குச் சாயம் ஏற்றுவதானால் இந்தக் கவசத்தை முதலில் கழுவ வேண்டும். போய்விட்டதா என்று பார்க்க ஒரு சொட்டு அயோடின் போதும். மாவு மிச்சமிருந்தால் அந்த இடம் நீலமாகும்.