வெள்ளையும் சாம்பலும்

மழை விட்ட மறுநாள் பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கமாகக் கொடிமலை ஏறுகிறவர்கள், பாதையோரச் சருகைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். விரல் உயரத்தில், கிளை கிளையாகப் பவளக் காளான்கள் தென்படலாம். அவற்றை இனம் பிரித்துச் சொல்வது ஒரு கலை. மலாயாக் காடுகளில் அந்தக் கலையில் கைதேர்ந்தவர் ஈ.ஜே.எச். கார்னர்.

1929இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு உதவி இயக்குநராக வந்தவர். மலாயாவின் சாலையோர மரங்களைப் பற்றி அவர் எழுதிய நூலைப் பலர் அறிவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, 1950இல் வந்த அவருடைய பவளக் காளான் நூல். முன்பெல்லாம் கிளைத்து நின்றதையெல்லாம் பெரும்பாலும் ‘கிளவேரியா’ என்ற ஒரே பேரினத்தில் போட்டுவிடுவார்கள். கார்னர் காளானின் உள்ளிழைகளை நுண்ணோக்கியில் பார்த்துப் பிரித்தார்.

அந்தப் பார்வை எவ்வளவு தேவை என்பதற்கு இரண்டு நெருங்கிய உறவுகளைச் சொல்கிறேன். கிளாவுலினா கொரலாய்டீஸ் வெள்ளை. நுனிகள் சீப்புப் பல்லாகப் பிளவுபட்டிருக்கும். கிளாவுலினா சினெரியா சாம்பல் நிறம். நுனி பெரும்பாலும் மழுங்கியிருக்கும். பெரும்பாலான குடைக்காளான்களில் ஒரு வித்துத்தாங்கி நான்கு வித்துகளைச் சுமக்கும். இவை இரண்டிலும் இரண்டே வித்துகள், வளைந்த கொம்புகளின் மேல்.

புத்தகத்தில் நிறம் போதும். காட்டில் போதாது. ஹெல்மின்தோஸ்பேரியா என்ற ஒட்டுண்ணிப் பூஞ்சை வெள்ளைக் காளானைப் பிடித்தால், அடியிலிருந்து மேல்நோக்கிக் கருக்கத் தொடங்கும். அவசரக்காரர் அதைச் ‘சினெரியா’ என்று எழுதிவிடுவார். பொறுமையுள்ளவர் கைலென்ஸை அடித்தண்டில் பிடிப்பார். அங்கே பொடிக் கரும்புள்ளிகள் தெரிந்தால் ஒட்டுண்ணியின் வேலை என்று அறிவார். வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவே நிற்கும் வடிவங்களும் உண்டு. அந்த இடத்தில் தயங்குகிறவரைத்தான் நான் தேர்ந்தவர் என்பேன்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று. சிறு துண்டைக் கறுப்புத் தாளில் வைத்து, கண்ணாடிக் குவளையால் ஓரிரவு மூடுங்கள். வெள்ளைப் பொடி படிந்தால் கிளாவுலினாவாக இருக்கலாம். மஞ்சள் கலந்த பழுப்பென்றால் ராமேரியா என்ற இன்னொரு பவளக் காளான் பேரினத்தை நினையுங்கள். ராமேரியாவில் வயிற்றைக் கலக்கும் இனங்கள் உண்டு. எதையும் சமைத்துப் பார்க்க வேண்டாம்.

கொடிமலைக் காடு 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஒரு துண்டைக்கூடப் பறிக்காமல் படம் எடுங்கள், அடித்தண்டு தெரியும்படி. பக்கத்தில் நிற்கும் மரத்தையும் சேர்த்து எடுங்கள். கிளாவுலினாக்களில் பல, மர வேர்களோடு உணவு பரிமாறி வாழ்பவை.