வேலைக்கு நடுவே ஒரு படிப்பு
(நாகலாபுரத்தில் வாசகர் கூட்டத்தில் பேசியது)



நம் ஊர் வேதநாராயணர் கோயில் கதை உங்களுக்குத் தெரியும். அசுரன் வேதங்களைத் திருடிக் கடலுக்குள் ஒளித்து வைத்தான். பெருமாள் மீனாக வந்து மீட்டுக் கொடுத்தார். படிப்பு களவு போனால் கடவுளே கடலில் இறங்க வேண்டியிருக்கிறது. படிப்பின் மதிப்பு அவ்வளவு!

இன்று ஒரு புதிய படிப்பைப் பற்றிப் பேசுகிறேன். அதன் பெயர் செயற்கை நுண்ணறிவு. சுருக்கமாக ஏ.ஐ. என்கிறார்கள். நம் பிள்ளைகள் பலர் தையல் கடையிலும், செல்போன் கடையிலும், ஸ்ரீசிட்டி கம்பெனிகளிலும் வேலை செய்கிறார்கள். "நாங்களே படித்து ஏ.ஐ. பொறியாளர் ஆக முடியுமா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். பெற்றோர் கேட்பது வேறு. "இதற்காக நகையை அடகு வைக்கலாமா?" என்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் தேடுவோம்.

ஏ.ஐ. என்றால் என்ன?

நம் சித்தூர்ச் சீமை மாம்பழத்துக்குப் பேர் போனது. கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைக்குப் போகிறது. அங்கே நல்ல காய், அழுகல் காய் என்று பிரிக்க வேண்டும். இந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எப்படி?

கம்ப்யூட்டருக்கு மாங்காய் தெரியாது. அதற்கு எண் மட்டும்தான் தெரியும். ஒரு படம் என்பது ஆயிரக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் எண் உண்டு. நாம் ஆயிரம் காய்களைப் படம் எடுக்கிறோம். ஒவ்வொரு படத்தின் கீழும் "நல்லது", "அழுகல்" என்று எழுதுகிறோம். கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்தையும் பார்த்து ஒரு விடை சொல்லும். முதலில் தப்பும் தவறுமாகத்தான் சொல்லும். தவறும் போதெல்லாம் தன் கணக்கில் உள்ள எண்களைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். பல ஆயிரம் முறை இப்படி நடந்த பின் தவறுகள் குறையும். பிறகு, அது இதுவரை பார்க்காத காய்களைக் காட்டிச் சோதிக்க வேண்டும். பார்த்த காயையே காட்டிச் சோதித்தால், கேள்வித்தாளை முன்பே கொடுத்துப் பரீட்சை வைத்தது போல் ஆகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நல்ல காய்களை எல்லாம் காலை வெயிலில் படம் எடுத்தோம். அழுகல் காய்களை மாலையில், விளக்கின் கீழே எடுத்தோம். கம்ப்யூட்டர் எதைக் கற்கும்? அழுகலைக் கற்காமல் வெளிச்சத்தைக் கற்றுவிடலாம்! மறுநாள் மாலையில் நல்ல காயைக் காட்டினால் "அழுகல்" என்று சொல்லும். இப்படிப்பட்ட தவறைக் கண்டுபிடித்துத் திருத்துவதும் ஏ.ஐ. பொறியாளரின் வேலைதான். கட்டளை எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. மாங்காயும் தெரிய வேண்டும்.

வேலை மாறியவர்கள்

ஜெஃப்ரி ஹிண்டன் என்று ஒரு பேரறிஞர். ஏ.ஐ. துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். 2024இல் ஜான் ஹாப்ஃபீல்டுடன் சேர்ந்து இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் கல்லூரியில் படித்தது மனோதத்துவம். படித்து முடித்துக் கொஞ்ச காலம் தச்சு வேலை செய்தார். அதன் பிறகுதான் இந்தத் துறைக்கு வந்தார். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவர் கேம்பிரிட்ஜில் படித்தவர். நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை.

அதனால் பக்கத்தில் உள்ள ஒருவரைப் பார்ப்போம். சென்னையில் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஓர் இளைஞர் காவலாளியாக இருந்தார். பத்தாம் வகுப்பு வரை படித்தவர். பன்னிரண்டு மணி நேர வேலை. அந்த நிறுவனத்தின் மூத்த ஊழியர் ஒருவர் அவருடைய ஆர்வத்தைக் கண்டார். தினமும் வேலை முடிந்ததும் காவலாளி அவரிடம் பாடம் கற்றார். ஏறக்குறைய எட்டு மாதம் கற்றார். சிறிய செயலி ஒன்றைத் தாமே செய்து காட்டினார். நேர்முகத் தேர்வில் தேறி, அதே நிறுவனத்தில் மென்பொருள் வேலையில் சேர்ந்தார். பின்னாளில் இதை அவரே எழுதி வெளியிட்டார். பத்திரிகைகளிலும் வந்தது.

அவர் சேர்ந்தது ஏ.ஐ. வேலை அல்ல, மென்பொருள் வேலை. ஆனால் வழி ஒன்றுதான். இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். படிக்கும் போது அவர் வேலையை விடவில்லை. தனியாகப் படிக்கவில்லை, வழி காட்ட ஒருவர் இருந்தார். சான்றிதழைக் காட்டவில்லை, செய்த பொருளைக் காட்டினார்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். ஒருத்தி மிதித்தாள், இன்னொருத்தி பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள். தானாகக் கற்பது என்றாலும் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.

எதை, எந்த வரிசையில் படிப்பது?

முதலில் கணக்கு. பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுங்கள். சதவீதம், சராசரி, வரைபடம் இவை வேண்டும். பின்னால் அணிகள், நிகழ்தகவு ஆகியவை வரும்.

இரண்டாவது, பைத்தான். இது கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் மொழி. 1991இல் வெளிவந்தது. இலவசம்.

மூன்றாவது, தகவல்களைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் பழக்கம். அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை இது. நேரம் நிறையப் பிடிக்கும். இதைச் செய்யாமல் உலையில் போட முடியாது.

நான்காவது, இயந்திரக் கற்றல் பாடம். மாங்காய் கதையில் சொன்னது இதைத்தான்.

பாடங்கள் எங்கே கிடைக்கும்? ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் என்.பி.டி.இ.எல். என்ற திட்டத்தைத் தொடங்கின. அதன் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறத்தான் கட்டணம். தமிழில் 'கணியம்' இதழ் 2012 முதல் வருகிறது. அதில் எழுதிவரும் து. நித்யா இயந்திரக் கற்றலைப் பற்றி எளிய தமிழில் எழுதிய புத்தகம் இலவச மின்னூலாகக் கிடைக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தரவு அறிவியல் பட்டப்படிப்பு ஒன்றை இணையம் வழியாகத் தொடங்கியது. ஜே.இ.இ. தேர்வு தேவையில்லை. வயது வரம்பும் இல்லை. முதலில் சில வாரப் பாடம். அதில் தேறினால் சேரலாம். ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு.

செல்போனில் பாடம் பார்க்கலாம். பயிற்சி செய்யக் கம்ப்யூட்டர் வேண்டும். பழைய மடிக்கணினி போதும். பெரிய கணக்குகளை இணையம் வழியாக வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க, கோலாப் போன்ற இலவச வசதி இருக்கிறது.

நகையை அடகு வைக்கலாமா?

வேண்டாம், தாய்மார்களே! "மூன்று மாதம் படித்தால் வேலை நிச்சயம்" என்பார்கள். "இன்றே கட்டினால் பாதிப் பணம்" என்பார்கள். "கடன் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்பார்கள். இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டாலும் எழுந்து வாருங்கள். வேலை நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது ஏ.ஐ.யே எளிய கட்டளைகளை எழுதிவிடுகிறது. அரைகுறையாகக் கற்றவருக்கு வேலை கிடைப்பது கடினம். ஆழமாகக் கற்க மாதக் கணக்கு போதாது. ஆண்டுக் கணக்கு ஆகலாம்.

ஆகையால் முதல் ஆறு மாதம் காசு செலவில்லாமல் படிக்கட்டும். தினம் ஒன்றரை மணி நேரம் போதும். கையில் உள்ள வேலையை விட வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகும் ஆசை இருந்தால், ஏதாவது ஒன்றைத் தானே செய்து காட்டினால், அப்போது வீட்டில் கூடிப் பேசுங்கள். பெண் பிள்ளைக்கும் இதே ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். அந்த நேரத்தில் பாத்திரம் தேய்க்கக் கூப்பிடாதீர்கள்.

நம்மிடம் உள்ள முதல்

நமக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். நாம் வீட்டில் தமிழ் பேசுகிறோம். பள்ளியிலும் அலுவலகத்திலும் தெலுங்கு பேசுகிறோம். இரண்டையும் கலந்தும் பேசுகிறோம். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள ஏ.ஐ.4பாரத் குழு, இந்திய மொழிகளைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுக்கும் வேலையைச் செய்கிறது. மத்திய அரசும் 2022இல் இதே நோக்கத்துடன் பாஷினியைத் தொடங்கியது. கம்ப்யூட்டர் சொன்ன தமிழ் சரியா, தெலுங்கு சரியா என்று பார்க்க இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும். தையற்காரருக்குத் துணி தெரியும். விவசாயிக்கு இலையில் விழும் நோய் தெரியும். நர்ஸ் அம்மாவுக்கு நோயாளியின் முகம் தெரியும். பழைய தொழிலில் கற்றதைத் தூக்கி எறியாதீர்கள். புதுத் தொழிலுக்கு அதுதான் முதல்.

முயன்ற எல்லோரும் பொறியாளர் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் கணக்கும் கம்ப்யூட்டரும் கற்றவர், இப்போது இருக்கும் வேலையையே இன்னும் நன்றாகச் செய்வார். யாரும் அவரை எளிதில் ஏமாற்ற முடியாது. கற்றதை யாரும் அடகுக் கடையில் வைத்துக்கொள்ளவும் முடியாது.



கூடிப் பேசுங்கள்

1. மாங்காய் பிரிக்கும் கம்ப்யூட்டர் ஏன் தவறு செய்தது? உங்கள் தொழிலில் இப்படி என்ன தவறு வரலாம்?
2. காவலாளி இளைஞருக்கு எது உதவியது? உங்கள் ஊரில் அப்படி வழிகாட்டக் கூடியவர் யார்?
3. உங்கள் வீட்டில் பெண் பிள்ளைக்குப் படிக்க ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறதா? கிடைக்க என்ன செய்யலாம்?